ஃபேன் இல்லாத சின்னப் பெட்டி: வீட்டு சர்வருக்கு எதை வாங்கலாம்?

9 மார்ச் 2025 – மதுரையிலிருந்து வந்த கேள்வி

வீட்டில் 24 மணி நேரமும் ஓடும் சின்ன சர்வர் ஒன்று வைக்கப் பார்க்கிறேன். குடும்பப் புகைப்படங்கள் முக்கியம், அக்கா வீட்டுப் படங்களையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 1 டெராபைட் வரும். டிவியில் பார்க்கக் கொஞ்சம் படங்கள், விளம்பரத்தைத் தடுக்க ஏதாவது ஒன்று. பழைய டெஸ்க்டாப்பை ஓடவிட்டுப் பார்த்தேன். ஹாலில் சத்தம் தாங்கவில்லை, அம்மா கரண்ட் பில்லை எடுத்து வைத்துக் கேட்கிறார். ஃபேன் இல்லாத மினி கணினி மதுரை வெயிலில் தாங்குமா? இன்டெல் என்100 போதுமா? ராஸ்பெர்ரி பை என்ற சின்னப் பலகைக் கணினியே போதும் என்கிறான் நண்பன்.

9 மார்ச் 2025

என்100 போதும். நீங்கள் சொன்ன வேலைகளுக்கு அது கொஞ்சம் அதிகம் என்றே சொல்வேன். 2023 தொடக்கத்தில் வந்த சிப், நான்கு கோர், இன்டெல் எழுதியிருக்கும் டிடிபி, அதாவது சிப் வெளியிடும் வெப்பத்தின் கணக்கு, 6 வாட். விளம்பரத்தைத் தடுக்க பைஹோல், கோப்புகளைப் பகிர சாம்பா, புகைப்படங்களுக்கு இம்மிச், டிவிக்கு ஜெல்லிஃபின் எல்லாம் ஒன்றாக ஓடினாலும் சும்மா இருக்கும் நேரம்தான் அதிகம். 8 ஜிபி ரேம் ஓடும், 16 இருந்தால் வசதி. இந்தச் சிப்புக்கு மெமரி சேனல் ஒன்றுதான், ஆகவே இரண்டு ஸ்லாட் இருக்கிறதா என்று தேட வேண்டாம். 16 ஜிபிதான் வரம்பு என்று இன்டெல் சொன்னாலும் 32 ஜிபி போட்டு ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

கரண்ட் கணக்கு. பழைய டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே 50 வாட் இழுத்தால் 60 நாளில் 72 யூனிட். என்100 பெட்டி சுவர் பிளக்கில் அளந்தால் 8 வாட் என்று வைத்தால் அதே 60 நாளுக்கு 11.5 யூனிட். நம் ஊரில் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். ஏற்கெனவே 450 ஓடுகிற வீட்டில் அந்த 60 யூனிட் வித்தியாசம் பில்லில் நன்றாகவே தெரியும். அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது.

வெயிலைப் பற்றி நாளை எழுதுகிறேன். ஒரே வரியில் முடிகிற விஷயம் இல்லை.

10 மார்ச் 2025

நான் இருப்பது தூத்துக்குடி. உப்பளக் காற்று. ஃபேன் உள்ள கணினியைத் திறந்தால் உள்ளே தூசியோடு ஈரமும் சேர்ந்து ஒட்டுப்பசை மாதிரி பிடித்திருக்கும். ரேமின் தங்க நிறப் பற்கள் கறுத்துப்போய், இங்கே சர்வீஸ் கடைக்காரர்கள் முதலில் கையில் எடுப்பதே பென்சில் ரப்பர்தான். நான் ஃபேன் இல்லாத பெட்டிக்கு மாறியதற்கு முதல் காரணம் இதுதான், சத்தம் இரண்டாவது. ஃபேன் காற்றை மட்டும் இழுப்பதில்லை, காற்றில் இருப்பதையெல்லாம் உள்ளே கொண்டுவந்து கொட்டுகிறது.

மூடிய பெட்டி என்றால் வெப்பம் வெளியேற ஒரே வழி அதன் உலோக உடம்பு. சிப் சூடாகிறது, செம்பு அல்லது அலுமினியக் கட்டி வழியாக மேல் மூடிக்குப் போகிறது, மூடியிலிருந்து அறைக் காற்றுக்கு. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய, இரண்டு விரல் கனமுள்ள பெட்டி தொடர்ந்து 10 வாட் எரித்தால், அறையைவிட மூடி 15 முதல் 20 டிகிரி கூடச் சூடாகும். சிப் அதற்கும் மேலே இன்னொரு 15, 20. அறை 28 என்றால் சிப் 65 பக்கம். அறை 40 என்றால் 80 பக்கம்.

80 என்று பார்த்ததும் பயப்படுவார்கள். என்100-இன் வரம்பு 105 டிகிரி, அது வரும்போது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சிப் தாங்கும். தாங்காதது பக்கத்தில் இருப்பவை. வீட்டு உபயோக எஸ்எஸ்டிகளுக்குக் கம்பெனிகள் போடும் இயக்க வரம்பு பெரும்பாலும் 70 டிகிரி. ஹார்ட் டிஸ்க்குக்கு 60. அவை அதே மூடிய பெட்டிக்குள், அந்தச் சூடான காற்றில் உட்கார்ந்திருக்கின்றன. மின்தேக்கிகளுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி. ஆகவே "என்100 தாங்குமா" என்பதைவிட "எஸ்எஸ்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது, அதன் சூடு எந்த வழியாக வெளியே போகிறது" என்று கேட்டு வாங்குங்கள். படங்களில் பெட்டியின் கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். நல்ல வடிவமைப்பில் எஸ்எஸ்டிக்கும் அடிமூடிக்கும் நடுவே ஒரு வெப்பப் பட்டை இருக்கும். இல்லாவிட்டால் நாமே வாங்கி ஒட்டலாம், அது சல்லிசு.

10 மார்ச் 2025, இரவு

ராஸ்பெர்ரி பை பற்றிக் கேட்டதை விட்டுவிட்டேன். பை 5 நல்ல பலகைதான். சும்மா இருக்கும்போது 3 வாட் பக்கம்தான் இழுக்கும், அதில் அதை அடிக்க ஆள் இல்லை. ஆனால் உங்கள் பட்டியலில் டிவி இருக்கிறது. பை 5-இல் வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றி எழுதும், அதாவது மறு என்கோடு செய்யும் வன்பொருள் இல்லை, பை 4-இல் இருந்த எச்.264 என்கோடரையும் எடுத்துவிட்டார்கள். டிவி அப்படியே வாங்கி ஓட்டும் கோப்பாக இருந்தால் பிரச்சினை இல்லை. படமாக அமைந்த சப்டைட்டிலை டிவி ஏற்காவிட்டால் சர்வர்தான் அதைக் காட்சியோடு சேர்த்து எரித்து அனுப்ப வேண்டும், அங்கே திணறும். என்100-இல் வீடியோவை மாற்றவென்றே உள்ள குவிக் சிங்க் என்ற வன்பொருள் இருப்பதால் இதை நோகாமல் செய்துவிடும். அப்புறம் பைக்கு 5 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர், உறை, எஸ்எஸ்டி பொருத்த மேல் பலகை எல்லாம் தனித்தனியாக வாங்கிக் கூட்டிப் பாருங்கள். பெட்டியாக வரும் என்100-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

வெறும் பைஹோலும் ஓரிரண்டு சென்சாரும் என்றால் பை. புகைப்படக் களஞ்சியம் என்றால் இன்டெல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

16 மார்ச் 2025

"ஃபயர்வால் பெட்டி" என்ற பெயரில் நான்கு நெட்வொர்க் துளையோடு விற்கும் ஃபேன் இல்லாத பெட்டிகளைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். எந்தச் சிப் என்று பாருங்கள். ஜே1900 இன்னமும் விற்கிறது. 2013-இல் வந்தது, ஏஇஎஸ் குறியாக்கத்துக்கான கட்டளைகள் அதில் கிடையாது. வட்டைக் குறியாக்கி வைத்தாலோ விபிஎன் ஓடவிட்டாலோ மூச்சு வாங்கும். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். ஜே4125 பரவாயில்லை, என்5105 அதைவிட நல்லது, இரண்டுக்கும் டிடிபி 10 வாட். என் வீட்டில் முதலில் வந்ததே ஒரு ஜே4125 பெட்டிதான், இன்றும் ரவுட்டர் வேலையைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது.

2.5 கிகாபிட் துளைகளில் உள்ள நெட்வொர்க் சிப் இன்டெல் ஐ225 என்றால் எந்தத் திருத்தம் என்று விசாரியுங்கள். முதல் திருத்தங்களில் பாக்கெட் தவறும் கோளாறு இருந்தது. ஐ226 வந்தபின் நிலைமை மேல். உங்கள் ரவுட்டரே 1 கிகாபிட் என்றால் இதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த வகைப் பெட்டிகளில் எனக்கு இன்றும் பிடித்தது சுவிட்சர்லாந்தின் பிசி எஞ்சின்ஸ் செய்த ஏபியு2. 4 கோர் ஏஎம்டி, 1 கிகாஹெர்ட்ஸ், 4 ஜிபி. சிப்பைப் பலகையின் அடிப்பக்கம் வைத்து, ஒரு அலுமினியத் தகடு வழியாக நேரே பெட்டியின் தரையோடு சேர்த்துவிடுவார்கள். மூடியைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். கணினியை எழுப்பும் பயாஸ் மென்பொருளாகத் திறந்த மூலக் கோர்பூட், வரைபடங்கள் எல்லாம் வெளிப்படை. 2023-இல் அந்த வரிசையையே முடித்துக்கொள்வதாக அறிவித்துவிட்டார்கள். இன்று புதிதாக வாங்கச் சொல்ல மாட்டேன், வேகம் போதாது. ஆனால் ஒரு பெட்டியிலிருந்து வெப்பத்தை எப்படி வெளியேற்றுவது என்று படிக்க அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள், விலைப்பட்டியல் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

2 ஏப்ரல் 2025

மதுரைக்காரர் பழைய நாஸ் பெட்டி (வலையில் கோப்பு சேமிக்கும் பெட்டி) ஒன்று மலிவாகக் கிடைப்பதாக எழுதியிருக்கிறார். உள்ளே இன்டெல் ஆட்டம் சி2000 வரிசை இருந்தால் தொடவே தொடாதீர்கள். சர்வருக்கென்றே வந்த, குறைந்த மின்சாரச் சிப் அது. ஆனால் கடிகாரத் துடிப்பை அனுப்பும் ஒரு சுற்று மெல்ல மெல்லத் தேய்ந்துபோய், ஒரு நாள் நிறுத்திப் போட்டால் திரும்ப எழாது. இன்டெல் தன் பிழைப்பட்டியலிலேயே 2017 ஜனவரியில் இதைச் சேர்த்தது. பின்னால் வந்த சி0 திருத்தத்தில் சரிசெய்தார்கள். கைமாறி வரும் பெட்டியில் எந்தத் திருத்தம் இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது.

பழையதில் எடுக்கலாம் என்றால் நான் கைகாட்டுவது டெல் வைஸ் 5070. அலுவலகங்களிலிருந்து கழித்துவிட்ட தின் கிளையன்ட், அதாவது சர்வரோடு இணைந்து வேலை செய்யும் சின்னக் கணினி. சென்னை ரிச்சி தெருவில் இந்த வகைப் பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். பென்டியம் ஜே5005 அல்லது செலரான் ஜே4105, ஃபேன் கிடையாது, இரண்டு ரேம் ஸ்லாட், சும்மா இருக்கும்போது 5 வாட் சுற்றி. நிறைய இடம் விட்டுக் கட்டிய பெட்டி, உள்ளே ஹீட் சிங்க் பெரியது. ஒரு விஷயம் கவனம்: எஸ்எஸ்டி செருகும் அதன் எம்.2 துளை பழைய சாட்டா வகைக்கு மட்டும்தான், வேகமான என்விஎம்இ வகையை வாங்கிச் செருகினால் பெட்டிக்குத் தெரியாது. என்னைக் கேட்டால் அதுவும் நல்லதுக்கே, சாட்டா எஸ்எஸ்டி குளிர்ச்சியாக ஓடும். 1 கிகாபிட் வலையில் நொடிக்கு 110 மெகாபைட்டுக்கு மேல் போகப்போவதில்லை. வீட்டுப் படம் பார்க்க என்விஎம்இயின் வேகம் யாருக்கு வேண்டும்?

5 மே 2025

கத்திரி தொடங்கிவிட்டது. நேற்று மாடி அறையில் வெப்பமானி 39 காட்டியது. என் என்100 பெட்டி அங்கேதான் சுவரில் மாட்டியிருக்கிறது. சும்மா இருக்கும்போது சிப் 58, எஸ்எஸ்டி 54. நல்ல எண்கள்.

அப்புறம் தம்பி குடும்பத்துப் படங்களை மொத்தமாக இம்மிச்சில் ஏற்றினேன். கதையே மாறியது. இம்மிச் ஒவ்வொரு படத்தையும் எடுத்து முகம் தேடும், படத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கும், வீடியோவுக்கு முன்னோட்டம் செய்யும். நான்கு கோரும் முழு வேகத்தில், மணிக்கணக்கில். சிப் 90-ஐத் தொட்டது, எஸ்எஸ்டி 68. மூடியில் விரல் வைக்க முடியவில்லை.

ஃபேன் இல்லாத பெட்டிக்கு உண்மையான சோதனை இதுதான். விற்பவர்கள் காட்டும் வேகச் சோதனைகள் சில நிமிடத்தில் முடிந்துவிடும், அதற்குள் உலோகம் சூடாகக்கூட நேரம் இல்லை. வெப்பம் உடம்பு முழுக்கப் பரவி நிலைக்கு வர ஒரு மணி நேரமாவது பிடிக்கும். யாராவது விமர்சனம் எழுதினால் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டுப் பார்த்தாரா என்று தேடுங்கள், இல்லாவிட்டால் அந்த எண்களை விட்டுவிடுங்கள்.

நான் செய்தது இரண்டு. பயாஸில் பிஎல்1 என்று ஒரு வரம்பு இருக்கும், தொடர்ந்து எத்தனை வாட் எரிக்கலாம் என்பது அது. 6 வாட் சிப் என்று விற்கிற பெட்டிகளில் இதை 15, 20 என்றெல்லாம் ஏற்றி வைத்திருப்பார்கள், வேகச் சோதனையில் எண் நன்றாக வரட்டும் என்று. நான் 8 ஆக இறக்கினேன். கூடவே இம்மிச் அமைப்புகளில் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளின் எண்ணிக்கையை ஒன்று என்று குறைத்தேன். சிப் 74-இல் நின்றது, எஸ்எஸ்டி 61. வேலை முடிய இன்னும் ஒரு இரவு கூடப் பிடித்தது. யாருக்கு என்ன அவசரம்?

11 மே 2025

மேலே எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியானால் ஃபேன் இருப்பதே மேல்தானே" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நானும் இந்த வாரம் முழுக்க இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச்சில் நான் எழுதியது தூசியையும் உப்பையும் வைத்து. அது அப்படியேதான் நிற்கிறது. ஆனால் ஃபேன் இல்லாமல் இருப்பதும் காற்று அசையாமல் இருப்பதும் ஒன்றல்ல. பெட்டிக்குள் உறிஞ்சும் ஃபேன்தான் தொல்லை, வெளியே மெல்ல வீசும் காற்று வரம். நேற்று ஒரு 12 சென்டிமீட்டர் ஃபேனை, 12 வோல்ட்டில் ஓட வேண்டியதை யுஎஸ்பியின் 5 வோல்ட்டில் போட்டு, பெட்டியின் முன் ஒரு சாண் தள்ளி வைத்தேன். காதை வைத்தால்தான் கேட்கும் சத்தம். அதே வேலை, அதே 8 வாட். சிப் 60-க்கு இறங்கிவிட்டது. பெட்டி மூடியே இருப்பதால் தூசி உள்ளே போகவில்லை. முழு வெயில் மாதத்தில் மட்டும் அப்படி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ஃபேன் நின்றுபோனாலும் பெட்டி சாகாது, பழையபடி 74-இல் ஓடும். உள்ளேயே ஃபேன் வைத்த பெட்டியில் அது நின்றால் கதை வேறு.

ஹாலில் மேலே சுற்றும் மின்விசிறியும் இந்தக் கணக்கில் சேரும். மனிதர் உட்காரும் இடத்தில் வையுங்கள், கணினிக்கும் அதே காற்று கிடைக்கும். டிவி அலமாரிக்குள் கதவைச் சாத்தி வைப்பதுதான் நான் பார்த்ததிலேயே கொடுமையான ஏற்பாடு. அடுத்தது, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மேலே. துடுப்புகள் உள்ள பெட்டி என்றால் அவை நெட்டுக்குத்தாக நிற்கும்படி சுவரில் மாட்டுங்கள், சூடான காற்று தானாக மேலே ஏறும், கீழிருந்து புதுக் காற்று வரும். படுக்கப்போட்டால் இந்த ஓட்டம் பாதிகூட இருக்காது.

29 மே 2025

ஹார்டுவேர் பேசிப் பேசி மின்வெட்டை மறந்துவிட்டோம். நம் வீடுகளில் சர்வரைக் கொல்வது வெயில் மட்டுமில்லை.

வாங்கியதும் பயாஸில் முதலில் தேட வேண்டியது, மின்சாரம் போய்த் திரும்பினால் தானாக எழுந்திருக்கும் வசதி. சில சின்னப் பெட்டிகளில் அது இல்லவே இல்லை, விசையை அழுத்தினால்தான் எழும். வெளியூரில் இருக்கும்போது வீட்டில் இருப்பவரிடம் "அந்தக் கறுப்புப் பெட்டியில் ஒரு பொத்தான் இருக்கும்மா" என்று போனில் வழி சொல்ல வேண்டிவரும். வாங்குமுன் கேட்டுவிடுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டரில் யுபிஎஸ் என்றும் ஈகோ என்றும் ஒரு சுவிட்ச் இருக்கும். யுபிஎஸ் பக்கம் தள்ளினால் மாறும் நேரம் குறையும், பெட்டி அணைந்து எழாது. 12 வோல்ட்டில் ஓடும் பெட்டி என்றால் ரவுட்டருக்கு விற்கும் சின்ன டிசி யுபிஎஸ்கூடப் போதும், அது எத்தனை ஆம்பியர் தரும் என்று மட்டும் பாருங்கள். 12 வோல்ட்தானே என்று இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது அது 14.4 வரை போகும், காலியாகும்போது 10.5-க்கு இறங்கும். நடுவே ஏற்றி இறக்கிச் சமன்செய்யும் மாற்றி ஒன்று வேண்டும்.

என் முதல் பெட்டியில் ஃபேன் இல்லை, சிப் நன்றாக இருந்தது, வட்டும் நன்றாக இருந்தது. செத்தது கூட வந்த அடாப்டர். பெயர் தெரியாத மலிவுச் சரக்கு, ஒரு மழைக்கால மின்வெட்டோடு போய்விட்டது. அதன்பின் பெட்டியின் விலையில் பத்தில் ஒரு பங்கையாவது அடாப்டருக்கு ஒதுக்கச் சொல்லி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

20 ஜூலை 2025

மதுரைக்காரர் வாங்கிவிட்டார். என்150, 16 ஜிபி, மூடிய அலுமினியப் பெட்டி. என்150 என்பது என்100-இன் அடுத்த வார்ப்பு, உச்ச வேகம் 3.4-லிருந்து 3.6 கிகாஹெர்ட்ஸ். வெப்பக் கணக்கு அதேதான். எது மலிவோ அதை வாங்கலாம்.

ஃபோட்டோ அனுப்பியிருக்கிறார், எஸ்எஸ்டிக்கும் அடிமூடிக்கும் நடுவே நல்ல கனமான பட்டை. திருப்தி.

கூடவே விண்டோஸ் போட்டே வந்திருக்கிறதாம். எதையும் செருகும் முன் வட்டை முழுக்க அழித்துவிட்டு டெபியன் லினக்ஸ் போடுங்கள். 2024-இல் சில மினி கணினிகளில் தொழிற்சாலையில் போட்ட விண்டோஸிலேயே தீம்பொருள் இருந்தது வெளியே வந்தது. புகைப்படம், கடவுச்சொல் எல்லாம் போகப்போகிற பெட்டி, இதில் சோம்பல் கூடாது.

ஒரே பெட்டியில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ் வேண்டுமா என்கிறார். கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் போடுங்கள். இந்த நாலு வேலைக்கு டெபியனும், மென்பொருள்களைத் தனித்தனியாக ஓட்டும் டாக்கரும் தாராளம்.

மின்சாரத்தை இன்னும் குறைக்க ஒரு வழி உண்டு. மின்சாரப் பயன்பாட்டைக் காட்டும் பவர்டாப் மென்பொருளை ஓட்டி, சிப் ஆழ்ந்த தூக்க நிலைக்குப் போகிறதா என்று பாருங்கள். நெட்வொர்க் சிப்போ எஸ்எஸ்டியோ ஏதாவது ஒன்று, இணைப்பைச் சும்மா இருக்கும்போது தூங்கவைக்கும் ஏஎஸ்பிஎம் வசதிக்கு ஒத்துழைக்காவிட்டால் மொத்தச் சிப்பும் விழித்தே கிடக்கும். என் பெட்டியில் பயாஸில் அதை இயக்கியதும் சுவரில் 9 வாட்டிலிருந்து 6-க்கு வந்தது. 3 வாட் என்றால் சின்னது போலத் தெரியும். ஃபேன் இல்லாத பெட்டிக்கு அது 5 டிகிரி.

21 ஜூலை 2025

வட்டு பற்றி அவர் கேட்டது தனியாக. 1 டெராபைட் படங்கள் என்றால் உள்ளே 2 டெராபைட் எஸ்எஸ்டி, வெளியே யுஎஸ்பியில் 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் ஒன்று. வெளி டிஸ்க் பெட்டிக்கு மேலே உட்காரக் கூடாது, தள்ளி வையுங்கள், அதன் வரம்பு 60 டிகிரி. பெரிய 2.5 அங்குல டிஸ்க்குகள் பெரும்பாலும் எஸ்எம்ஆர் (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி எழுதும்) வகை, நீளமாக எழுதினால் தவழும். ராத்திரி நகல் எடுக்க அது போதும், பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் ரெய்டுக்கு அந்த வகை ஆகாது. உங்களுக்கு ரெய்டு தேவையும் இல்லை. இரண்டு வட்டில் ஒரே நேரத்தில் எழுதினால், கை தவறி அழித்த ஆல்பம் இரண்டிலும் ஒன்றாகத்தான் அழியும்.

மூன்றாவது நகல் அக்கா வீட்டில் இருக்கட்டும். அங்கே ஒரு பழைய ராஸ்பெர்ரி பை போதும், நண்பர் சொன்ன பை இங்கே வேலைக்கு வருகிறது. நகல் எடுக்கும் ரெஸ்டிக் மென்பொருளை வைத்துக் குறியாக்கி அனுப்புங்கள். நம் ஊர் இணைய நிறுவனங்கள் பல, பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிரும் சிஜிநாட்டுக்குப் பின்னால் நம்மை வைத்திருப்பதால் வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது. இரு வீட்டுக் கணினிகளையும் தனி வலையாக இணைக்கும் டெயில்ஸ்கேல் போட்டால் அந்தச் சிக்கல் தீரும், ரவுட்டரில் துளை திறக்கும் அபாயமும் இல்லை.

3.5 அங்குல டிஸ்க்குகள் நாலு வைக்க வேண்டும் என்றால் இந்தப் பேச்சே வேறு. அப்போது கொரியாவின் ஹார்டுகெர்னல் 2024-இல் கொண்டுவந்த ஓட்ராய்டு எச்4 பிளஸ் மாதிரி, நாலு சாட்டா துளை உள்ள பலகையைப் பாருங்கள். என்97 சிப், பெரிய ஹீட் சிங்க், ஃபேன் இல்லாமல் ஓடும். ஆனால் டிஸ்க்குகளுக்கு ஃபேன் வேண்டும். நாலு டிஸ்க்கை மூடிய பெட்டியில் அடுக்கி நம் ஊரில் ஃபேன் இல்லாமல் ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

18 அக்டோபர் 2025

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு இந்த 14-ஆம் தேதியோடு முடிந்தது. இன்டெல் 6, 7-ஆம் தலைமுறை வைத்த குட்டி அலுவலகக் கணினிகள் இனி கூட்டம் கூட்டமாகப் பழைய சந்தைக்கு வரும், விண்டோஸ் 11-க்கு அவை தேறாது. லெனோவோ டைனி, டெல் மைக்ரோ, எச்பி மினி என்று மூன்றும். எல்லாவற்றிலும் ஃபேன் உண்டு, ஆகவே தலைப்புக்கு வெளியே. ஆனாலும் சொல்கிறேன், தூங்கும் அறையில் இல்லாமல் வேறெங்காவது வைக்க இடம் இருந்தால், காசு குறைவாக இருந்தால், அதை எடுக்கலாம். டிவி வேலை இருந்தால் 7-ஆம் தலைமுறையாகப் பார்த்து எடுங்கள். 10 பிட் எச்இவிசி (எச்.265) வகையில் சுருக்கிய காட்சியை வன்பொருளிலேயே பிரிப்பது அதிலிருந்துதான் தொடங்குகிறது, 6-இல் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து தூசி தட்ட வேண்டும். கடலோரத்தில் இருப்பவர்கள் மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

7 டிசம்பர் 2025

ரேம் விலை இந்தச் சில மாதங்களில் ஏறியிருப்பதைப் பார்த்து மலைப்பாக இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் வாங்கிக் குவிப்பதால் நமக்கு வரும் சரக்கு குறைந்துவிட்டது. மார்ச்சில் "16 இருந்தால் வசதி" என்று எழுதினேன். இன்று வாங்குகிறவருக்கு அதை மாற்றிச் சொல்கிறேன்: 8 ஜிபியோடு வரும் பெட்டியை எடுங்கள், ஆனால் ரேம் பலகையிலேயே ஒட்டி வந்ததா, கழற்றி மாற்றும் சோடிம்மா என்று பார்த்து எடுங்கள். சோடிம் என்றால் விலை இறங்கும்போது மாற்றிக்கொள்ளலாம். 8-இல் ஓட்டும்போது இம்மிச்சின் முகம் தேடும் வேலையை இரவுக்கு ஒதுக்கிவிட்டால் போதும், நெருக்கடி தெரியாது.

மதுரையிலிருந்து எண்கள் வந்திருக்கின்றன. பிஎல்1 8 வாட், ஹால் சுவரில் நெட்டுக்குத்தாக மாட்டியது, ஆகஸ்ட் மதியத்தில் சிப் 66, எஸ்எஸ்டி 55. பிளக்கில் அளந்தால் 7 வாட். அம்மாவின் 1980-களின் கல்யாண ஆல்பத்தை அக்கா ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டாராம், இம்மிச் அம்மாவின் அன்றைய முகத்தையும் இன்றைய முகத்தையும் ஒரே ஆள் என்று சேர்த்துக்காட்டியதில் வீடே கூடிவிட்டதாம். மிகவும் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த மே மாத எண்களையும் எழுதுங்கள். ஆகஸ்டை வைத்து நான் நிம்மதி அடைய மாட்டேன்.

8 டிசம்பர் 2025

வேறு அடாப்டர் பெட்டியில் பொருந்துமா என்று இன்று வந்த கேள்விக்கு: இரண்டு வகைப் பின்னும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். வெளி விட்டம் இரண்டுக்கும் 5.5 மில்லிமீட்டர், உள் துளை ஒன்றில் 2.1, இன்னொன்றில் 2.5. 2.5 பின்னை 2.1 துளைக்கான அடாப்டரில் செருகப் பார்த்தால் உள்ளேயே போகாது. மாறாக, 2.1 கம்பியுள்ள பெட்டியில் 2.5 அடாப்டரைச் செருகினால் உள்ளே போகும், ஆனால் தளர்வாக நின்று தொட்டால் அணையும், தொடும் இடத்தில் சூடாகி உருகவும் செய்யும். பழைய அடாப்டரைக் கடைக்குக் கையிலேயே கொண்டுபோங்கள். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், நடுக் கம்பி பிளஸ்ஸா என்று லேபிளில் உள்ள வட்டப் படத்தைப் பார்த்து வாங்குங்கள். வைஸ் 5070 வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள், அதற்கு டெல்லின் 19.5 வோல்ட் அடாப்டர்தான்.